மினி டிராக்டருக்குத் தள்ளு பிளேடு: எதை வாங்குவது, எதை மாற்றுவது?

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகக் கேரளத்துக்குள் போகும் சாலைகளின் இரு பக்கமும் தென்னை. தென்னையை ஒட்டி நார் ஆலை. ஆலையை ஒட்டி நார்த்தூள் காயும் சிமெண்ட் களம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தோப்பு வைத்திருக்கும் தமிழ் விவசாயிகளும் களம் நடத்துகிறவர்களும் பிளேடு வேலைக்காக எங்கள் பட்டறைக்கு வரும்போது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். 15 முதல் 28 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டர்களுக்காகவே இது எழுதப்பட்டது. 45, 50 குதிரைத்திறன் வண்டிகளுக்கு இங்குள்ள அளவுகள் பொருந்தா.

டெரசர் பிளேடு, லெவலர், டோசர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. டெரசர் பிளேடு என்பது டிராக்டரின் பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் (கீழே இரண்டு கை, மேலே டாப் லிங்க் என்னும் திருகுக் கம்பி) மாட்டும் வளைந்த தகடு. நடுவில் ஒரு அச்சில் சுழலும். வலமோ இடமோ சாய்த்துப் பூட்டிக்கொள்ளலாம். லெவலர் என்பது பெரும்பாலும் இரு பக்கமும் அடைத்த பெட்டி. மேட்டிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் விடும். டோசர் என்று இங்கே சொல்வது முன்பக்கம் மாட்டும் பிளேடு.

மண்ணை ஒதுக்க, வரப்பு அணைக்க, தோப்புப் பாதை சீராக்க டெரசர் பிளேடு போதும். களத்தில் தூள் குவிக்க முன் பிளேடுதான் வசதி. மூன்றையும் ஒரே கருவியில் எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் எந்த வேலையிலும் நிறைவு அடைவதில்லை. ஆண்டில் அதிக நாள் எதைத் தள்ளப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லா அளவுகளும் அதிலிருந்துதான் வரும்.

யூடியூபில் வெளிநாட்டில் பனி தள்ளும் பிளேடு பார்த்தேன். சின்ன டிராக்டரில்தான் மாட்டியிருக்கிறார்கள். அதை வாங்கிப் போடலாமா?

வரவழைத்து வாங்கத் தேவையில்லை. அதில் உள்ள யோசனைகளை வாங்கிக்கொள்ளலாம். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுப் பாதையில் விழுந்த பனியைத் தள்ளுவதற்குச் செய்த பிளேடு அது. புதுப் பனி மிக இலேசு, நனைந்த பனி மிகக் கனம். தரையோ கான்கிரீட் அல்லது சரளை. நம் களத்து நார்த்தூளுக்கும் இதே குணம்: காய்ந்தால் பஞ்சு, நனைந்தால் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அங்கே கண்டுபிடித்த மூன்று விஷயங்கள் இங்கே நேராக உதவுகின்றன: தரையைக் கீறாத ரப்பர் விளிம்பு, பிளேடைத் தரையிலிருந்து சற்றே தூக்கி நிறுத்தும் சறுக்குக் கால், இடித்தால் மடங்கிக்கொடுக்கும் ஸ்பிரிங். மூன்றைப் பற்றியும் கீழே தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

மண் வேலைக்கு அந்தப் பிளேடு ஆகாது. தகடு மெல்லியது. மண்ணைக் கடித்த உடனே ஸ்பிரிங் மடங்கிவிடும். அப்படி மடங்குவதற்காகவே செய்யப்பட்டது அது.

என்னிடம் இருப்பது 18 ஹெச்பி வண்டி. ஐந்தடி பிளேடு இழுக்குமா?

காய்ந்த தூள் என்றால் இழுக்கும். மண் என்றால் நாலரை அடியோடு நில்லுங்கள். இதில் குதிரைத்திறனைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. பிளேடைச் சாய்த்து வைத்தால் அது கூட்டும் அகலம் குறையும். 30 பாகை சாய்த்தால் நான்கடி பிளேடு மூன்றரை அடிக்கும் சற்றுக் குறைவாகவே கூட்டும். ஐந்தடி பிளேடு நான்கடி நான்கு அங்குலம் கூட்டும். உங்கள் வண்டியின் பின் சக்கரங்களின் வெளி அகலம் மூன்றரை அடி என்றால், நான்கடி பிளேடைச் சாய்த்ததும் ஒதுக்கிய மண்ணின் மேலேயே சக்கரம் ஏறிவிடும். டயரின் வெளி ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை டேப்பால் அளந்து, சாய்த்த நிலையிலும் அதற்கு மேல் சில அங்குலம் மிஞ்சுகிற பிளேடை எடுங்கள்.

24 முதல் 28 குதிரைத்திறன், அதுவும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் ஐந்தடி சரியான அளவு. ஆறடி வேண்டாம். கடையில் கிடைக்கும் ஆறடி டெரசர் பிளேடு பெரிய டிராக்டருக்கென்று கனமாகச் செய்தது. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று அதைச் சிறு வண்டியில் மாட்டினால் வண்டிதான் படாத பாடு படும்.

கடைக்காரர் கேட்டகிரி ஒன்று, கேட்டகிரி இரண்டு என்கிறார். எனக்கு எது?

அது மூன்று புள்ளி இணைப்பின் அளவு. கேட்டகிரி ஒன்றில் கீழ்க் கையில் கருவியை மாட்டும் ஊசி (பின்) 22 மி.மீ., மேலே டாப் லிங்க் ஊசி 19 மி.மீ. கேட்டகிரி இரண்டில் கீழே 28, மேலே 25. மினி டிராக்டர்களுக்குப் பொதுவாக ஒன்று. சில வண்டிகளில் அதிலேயே குறுகலான வகை. குறுகலில் ஊசியின் தடிமன் அதேதான், இரண்டு கீழ்க் கைகளுக்கும் இடையிலான தூரம்தான் குறைவு: வழக்கமான கேட்டகிரி ஒன்றில் ஏறக்குறைய 68 செ.மீ., குறுகலில் 40 செ.மீ. கடைக்குப் போகும் முன் ஊசியின் தடிமன், கைகளின் இடைவெளி இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள்.

பெரிய ஓட்டையில் சின்ன ஊசியைப் போட்டு ஓட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஆடி ஆடி ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அதற்கென்று ஓட்டைக்குள் பொருந்தும் இரும்புப் புஷ் (குழாய் வளையம்) லேத்தில் கடைந்து கொடுப்பார்கள், செலவும் அதிகமில்லை. புஷ் போடாமல் ஓட்டாதீர்கள்.

பிளேடு மண்ணைக் கடிக்கவே மாட்டேன் என்கிறது, மேலே மிதந்துகொண்டு வருகிறது. ஹைட்ராலிக் பம்பு பலவீனமா?

பம்பில் குறை இல்லை. டிராக்டரின் பின் ஹைட்ராலிக் தூக்கும், கீழே அழுத்தாது. நெம்புகோலை எவ்வளவு கீழே இறக்கினாலும் பிளேடு தன் எடையால் மட்டுமே தரையில் நிற்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

கடிக்கவைக்க முதலில் செய்ய வேண்டியது டாப் லிங்கைத் திருகி நீட்டுவது. நீட்டினால் பிளேடின் தலை பின்னால் சாய்ந்து, அடி விளிம்பு உளியைப்போல முன்னால் நீளும், மண்ணுக்குள் இறங்கும். குறுக்கினால் தலை முன்னால் கவிழ்ந்து விளிம்பு பின்தங்கும், கடிக்காமல் மட்டப்படுத்தும். கடைசித் தடவை மட்டம் தட்டும்போது குறுக்கிக்கொள்ளலாம். ஒரு சுற்று திருகிவிட்டுப் பத்தடி ஓட்டிப் பாருங்கள். அதிலேயே வித்தியாசம் தெரியும். பெட்டி லெவலருக்கு இது மாறும்: அங்கே டாப் லிங்கைக் குறுக்கினால்தான் முன் விளிம்பு கடிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பிளேடைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

இரண்டாவது, டிராஃப்ட் நெம்புகோலும் பொசிஷன் நெம்புகோலும் தனித்தனியாக உள்ள வண்டியில் பிளேடுக்குப் பொசிஷனைப் பயன்படுத்துங்கள்; அது வைத்த உயரத்திலேயே நிறுத்தும். டிராஃப்ட் கலப்பைக்கானது. இழுவை கூடினால் அது தானாகவே தூக்கிவிடும். தரை அலை அலையாக வரும்.

அப்படியானால் பிளேடு மேல் கல் மூட்டை ஏற்றி எடை கூட்டலாமா?

கூட்டலாம், கணக்குப் பார்த்து. 750 கிலோ எடையுள்ள மினி டிராக்டரின் முன் அச்சில் 300 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். 120 கிலோ பிளேடு பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தூக்கியதும் முன் அச்சிலிருந்து 96 கிலோ குறையும்; 204 கிலோ மிஞ்சும். இதற்கு மேல் 100 கிலோ மூட்டை ஏற்றினால் இன்னும் 80 குறைந்து 124தான் நிற்கும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொது விதி; இங்கே மொத்தம் 970 கிலோ, ஐந்தில் ஒரு பங்கு 194. ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் போகும். வாய்க்கால் மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் எழும்பும்.

ஹைட்ராலிக்கின் தூக்கும் திறன் 750 கிலோ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே என்பார்கள். பல மினி வண்டிகளில் அந்த அளவு உண்மைதான். ஆனால் அது ஹைட்ராலிக்கின் பலம். வண்டி முன்னால் எழும்பாமல் நிற்பது வேறு விஷயம். எடை கூட்டியே ஆக வேண்டும் என்றால் முன் பம்பரில் ஈடு எடை போட்டுவிட்டுப் பிறகு பின்னால் ஏற்றுங்கள்.

நார்த்தூள் களத்துக்குப் பின் பிளேடா, முன் பிளேடா?

முன் பிளேடு. பின் பிளேடில் சக்கரம் முதலில் தூளின் மேல் ஏறி அமுக்கிவிட்டுத்தான் பிளேடு வரும். அமுங்கிய இடத்தில் ஈரம் நிற்கும். அந்தத் தடம் மட்டும் மறுநாளும் காயாது. முன் பிளேடு இருந்தால் சக்கரம் எப்போதும் கூட்டிய தரையிலேயே ஓடும். ஓட்டுகிறவரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

சின்னக் களம், மாதத்தில் சில நாள் வேலை என்றால் பின் பிளேடே போதும். முன் பிளேடுக்கான சட்டத்தின் செலவு கட்டுபடியாகாது.

பின் பிளேடைத் திருப்பி மாட்டி ரிவர்ஸில் தள்ளினால் முன் பிளேடு மாதிரிதானே?

காய்ந்த தூளை மெதுவாகத் தள்ளும் வரை தவறில்லை. மண்ணையோ நனைந்த குவியலையோ அப்படித் தள்ளாதீர்கள். கீழ்க் கைகள் இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை. பின்னோக்கித் தள்ளும்போது அவை அமுக்கத்தில் நிற்கின்றன; பிளேடின் ஒரு ஓரம் மட்டும் எதிலாவது முட்டினால் ஒரு கை வளையும், கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினின் கொக்கி பிடுங்கிக்கொள்ளும். ரிவர்ஸ் கியரின் வேகமும் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் அது முதல் கியரைவிட வேகம். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் லோ கியரில், பிளேடு சாய்க்காமல் நேராக, இரண்டு செக் செயினும் ஆட்டமில்லாமல் இறுக்கி ஓட்டுங்கள்.

இரும்பு பிளேடு களத்துத் தரையைக் கீறுகிறது. தூளில் சிமெண்ட் மண் கலக்கிறது என்று வாங்குகிறவர் திருப்பி அனுப்புகிறார். என்ன செய்வது?

ரப்பர் விளிம்பு போடுங்கள். ஏற்றுமதிக்கு 5 கிலோ கட்டியாக அழுத்தும் தூளில் மணல் இருந்தால் வாங்குகிறவர் உப்புச் சத்தோடு சேர்த்து அதையும் சோதிப்பார். ஆகவே இதில் சிக்கனம் பார்ப்பது நட்டம்.

கல் உடைக்கும் கிரஷர்களில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் கிடைக்கும். 12 மி.மீ.க்குக் குறையாத தடிமன் பாருங்கள். உள்ளே இரும்புக் கம்பி ஓடும் பெல்ட் வேண்டாம். தேயத் தேயக் கம்பி உதிர்ந்து தூளில் போகும். துணி அடுக்கு உள்ள பெல்ட்டில் நூல் பிரியும். வாரம் ஒரு முறை ஓரத்தைக் கூர்மையான கத்தியால் சீவிவிட்டால் சமாளிக்கலாம். பெல்ட்டைப் பிளேடின் முகத்தில் வைத்து, அதன் மேல் 50க்கு 8 மி.மீ. பட்டை இரும்பு கொடுத்து, அரை அடிக்கு ஒரு போல்ட் போட்டு இறுக்குங்கள். இரும்பு விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலம் ரப்பர் நீண்டிருக்க வேண்டும். அதிகம் நீண்டால் மடங்கிக்கொண்டு தூளை விட்டுவிடும். குறைந்தால் இரும்பு தரையைத் தொடும். பெல்ட்டில் போல்ட் ஓட்டையை வட்டமாகப் போடாமல் மேல்கீழாக நீண்ட பள்ளமாக வெட்டினால், தேய்ந்தபோது கீழே இறக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம் முடிந்ததும் தலைகீழாகத் திருப்பிப் போடலாம்.

இன்னொன்று. தேங்காய் மட்டையில் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரத் தூள் வெறும் இரும்போடு இரவெல்லாம் ஒட்டிக் கிடந்தால் கறுத்துவிடும். உப்பும் இருப்பதால் துருவும் விரைவு. வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவி, பிளேடைத் தூளிலிருந்து விலக்கி நிறுத்துங்கள். ரெட் ஆக்சைடின் மேல் எனாமல் இரண்டு பூச்சு அடித்த பிளேடு நீண்ட நாள் வரும்.

மண் வேலைக்கு அடி விளிம்பு தேய்ந்துவிட்டது. லாரிப் பட்டையை அடியில் வைத்து வெல்டிங் அடித்தால் போதாதா?

லாரியின் ஸ்பிரிங் பட்டை நல்ல தேர்வு. கெட்டி இரும்பு, எளிதில் தேயாது. வெல்டிங்தான் தவறு. அதில் கரிமம் அதிகம். சாதாரண 6013 வெல்டிங் ராடில் அடித்தால் வெல்டிங்கின் ஓரத்தில் இரும்பு கண்ணாடிபோல் கடினமாகி, ஆறியதும் விரிசல் விடும். முதல் கல்லில் மொத்தப் பட்டையும் கழன்று வரும்.

போல்ட் போட்டு மாட்டுங்கள். பட்டையை நெருப்பில் பழுக்கவைத்து நேராக்கி, ஓட்டை போட்டு, தலை உள்ளே அமிழும் போல்ட்டால் இறுக்கினால் தேய்ந்த பிறகு கழற்றித் திருப்பிப் போடலாம். 8.8 என்று தலையில் எழுதியிருக்கும் போல்ட்டாகப் பாருங்கள். வெல்டிங்தான் வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்களுக்கு, பட்டையை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்கி, அடுப்பில் உலர்த்திய 7018 ராடில் அடித்து, சாம்பலில் மூடி மெதுவாக ஆறவிட வேண்டும் என்று சொல்வேன். அந்த நேரத்துக்கும் கூலிக்கும் போல்ட்டே மேல்.

பிளேடின் இரண்டு பக்கமும் தூள் வழிகிறது. காது வைக்கலாமா? உயரத்தையும் கூட்டலாமா?

காது வைக்கலாம்; களத்து வேலைக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் கிடையாது. இரு ஓரமும் ஓரடி நீளத் தகட்டை முன்னோக்கி நிறுத்தினால் பிளேடு பெட்டியாகிவிடும். தூள் பக்கவாட்டில் வழியாது. வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் மாட்டுங்கள். மண் வேலைக்குப் போகும்போது கழற்றிவிடலாம். காதின் அடியிலும் ரப்பர் வேண்டும்.

உயரம் கூட்டுவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஒன்றரை அடி உயரமும் காதும் உள்ள ஐந்தடி பிளேடு, காய்ந்த தூளை ஒரு தள்ளில் முப்பது கிலோ அளவுக்குக் கொண்டுபோகும். நல்ல மழை பெய்து நனைந்த மறுநாள் அதே கொள்ளளவு பல மடங்கு கனக்கும். வண்டி திணறும், சக்கரம் சுழலும். ஓட்டுகிறவர் கிளட்சை அமுக்கி அமுக்கித் தள்ளுவார். கிளட்ச் பிளேட் தேய்ந்த பிறகு குறை வண்டியின் மேல் விழும். உயரம் வேண்டுமானால் மேலே கம்பி வலைச் சட்டம் வையுங்கள். இலேசாக இருக்கும், அதன் வழியே முன்னால் ஆள் நிற்பதும் தெரியும்.

களத்தில் சிமெண்ட் பலகைகளின் மூட்டு சில இடத்தில் தூக்கி நிற்கிறது. இடித்தால் வண்டியே குலுங்குகிறது.

முதல் வேலை, தூக்கி நிற்கும் மூட்டின் விளிம்பை உளியால் தட்டிச் சரிவாக்குவது. எந்தப் பிளேடு மாற்றத்தையும்விட அது மலிவு. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் பிளேடின் இரு ஓரமும் சறுக்குக் கால் வையுங்கள். இரண்டு அங்குலம் அகலப் பட்டையின் முன் நுனியை மேலே வளைத்துவிட்டால் போதும். இரும்பு விளிம்பு தரையில் படாமல் உயர்ந்து நிற்கும்படி அதை அமைத்து, மீதியை ரப்பரிடம் விடுங்கள். சரளை போட்ட தோப்புப் பாதையிலும் இதே சறுக்குக் காலால் விளிம்பை ஓரங்குலம் உயர்த்தி வைத்தால் கல் பெயராமல் மட்டை, சருகு மட்டும் ஒதுங்கும்.

மடங்கும் ஸ்பிரிங் அமைப்பு முன் பிளேடுக்கு நல்லது. ஆனால் சரியான இறுக்கம் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். அதற்குப் பதிலாக, பிளேடைப் பூட்டும் இடத்தில் உடைந்துபோகிற மென் இரும்பு போல்ட் ஒன்றை வைத்துவிடலாம். வேகமாக முட்டினால் போல்ட் உடையும், சட்டம் தப்பும். அந்த இடத்தில் யாராவது கெட்டி போல்ட்டை மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருவிப் பெட்டியில் கைவசம் நாலைந்து இருக்கட்டும்.

முன் பிளேடுக்குச் சட்டத்தை எங்கே பிடிப்பது? பம்பரில் பிடித்தால் போதுமா?

போதாது. சிறு டிராக்டரில் லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸிஸ் பெரும்பாலும் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டில் இணைந்து அவையே உடம்பாக நிற்கின்றன. பம்பரில் மட்டும் பிளேடைப் பிடித்தால் தள்ளும் விசை முழுவதும் இன்ஜினின் முன் பிராக்கெட்டில் போய் விழும். வார்ப்பு இரும்பு வளையாது, உடையும். இரண்டு பக்கமும் சேனல் இரும்பை வண்டியின் அடியில் ஓட்டி, பின் அச்சு ஹவுசிங்கில் உள்ள தொழிற்சாலை போல்ட் ஓட்டைகளில் பிடியுங்கள். முன்னால் பிடிக்கும் பிராக்கெட் சட்டத்தைத் தாங்குவதற்கு மட்டுமே. ஹவுசிங்கில் புதிதாக ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ யாரையும் விடாதீர்கள்; உத்தரவாதமும் போகும், ஹவுசிங்கும் போகும்.

அதைத் தூக்க ஹைட்ராலிக் எங்கிருந்து எடுப்பது?

டிப்பர் டிரெய்லரைத் தூக்கும் எண்ணெய் வாய் உங்கள் வண்டியில் இருந்தால் அதுவே போதும். அது ஒருவழிச் சிலிண்டருக்கானது: எண்ணெய் தூக்கும், இறங்குவது சொந்த எடையில். களத்துக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் பிளேடு தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தானாக ஏறி இறங்கும். இருவழிச் சிலிண்டரும் தனி வால்வும் வைத்தால் கீழே அழுத்தவும் முடியும். அழுத்தினால் முன் சக்கரம் எழும்பும், ரப்பர் ஒரு வாரத்தில் தேயும். மண் வெட்டும் வேலை இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு வீண்.

தோப்புக்குள் பிளேடு ஓட்டினால் தென்னைக்குக் கெடுதலா?

மரத்தை ஒட்டி ஓட்டினால் கெடுதல். தென்னைக்கு ஆணி வேர் கிடையாது. உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி தூரிலிருந்து இரண்டு மீட்டர் வட்டத்துக்குள்தான் இருக்கிறது. உரம் வைக்க எடுக்கும் வட்டப் பாத்திக்கு 1.8 மீட்டர் ஆரம், அதாவது ஆறடி, என்று பரிந்துரைப்பதும் அதனால்தான். இருபத்தைந்தடி இடைவெளியில் நட்ட தோப்பில் இரு மரத்துக்கும் ஆறாறு அடி விட்டால் நடுவில் பதின்மூன்று அடி கிடைக்கும். நாலரை அடி பிளேடு தாராளமாக ஓடலாம்.

பிளேடின் நுனி தூரில் பட்டுக் காயம் ஆனால் அந்த இடத்தில் சிவப்புக் கூன் வண்டு முட்டையிடும். காயம் பட்டது தெரிந்தால் அன்றே வேப்பெண்ணெயோ தாரோ பூசி மூடுங்கள். காதுகளையும் நீட்டிய போல்ட் முனைகளையும் தோப்புக்குள் போகும் முன் கழற்றுவது இதற்காகவே.

எங்கள் பக்கம் கரிசல். மண் பிளேடில் அப்பிக்கொண்டு வருகிறது.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி பக்கத்துக் கரிசலுக்கு ஈரத்தில் எந்தப் பிளேடும் ஆகாது. மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நின்றால் பொறுத்திருங்கள், உதிர்ந்தால் இறங்குங்கள். முற்றிலும் காய்ந்து வெடித்த பிறகு போனாலும் கட்டி கட்டியாகத்தான் பெயரும். அப்போது முதலில் கொத்துக் கலப்பை ஓட்டிவிட்டுப் பிறகு பிளேடு. பிளேடின் முகம் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தால் ஒட்டுவது கூடும். கிரைண்டரில் வழுவழுப்பாக்கி, சும்மா நிறுத்தும் நாள்களில் கழிவு எண்ணெய் தடவுங்கள்.

நெல் வயலை பிளேடு வைத்து மேடாக்கித் தென்னை வைக்கலாமா?

வயலுக்குள்ளேயே மட்டம் தட்டுவது வேறு. மண் கொண்டுவந்து மேடாக்குவது வேறு. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாமல் வயலை மாற்றுவதைத் தடுக்கிறது. உங்கள் நிலம் அதற்கான தரவுப் பட்டியலில் வயலாக இருக்கிறதா என்று கிருஷி பவனில் (உள்ளூர் வேளாண் அலுவலகத்தில்) முதலில் கேளுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வாடகைக்கு வரும் ஓட்டுநருக்கு இது தெரிந்திருக்காது. நடவடிக்கை வந்தால் வண்டியும் சேர்ந்து மாட்டும்.

வண்டி கேரளப் பதிவு. பிளேடு மாட்டினால் ஆர்டிஓவில் சொல்ல வேண்டுமா?

கழற்றி மாட்டும் கருவிக்குத் தேவையில்லை. வண்டியின் அமைப்பையே நிரந்தரமாக மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே வரும். முன் சட்டத்தையும் ஊசி இழுத்தால் கழலும்படி செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சாலையில் போகும்போது பிளேடை நேராக்கி, தூக்கி, பூட்டி, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பு ஒட்டிவிட்டுப் போங்கள்.

களத்தில் ஓட்டினால் வண்டி சூடாகிறது. தூளில் தீப்பிடிக்குமா?

பிடிக்கும். காய்ந்த தூள் ரேடியேட்டர் வலையை அடைத்துவிடும். சைலன்சர் மேலும் இன்ஜின் இடுக்கிலும் படியும். சைலன்சர் சூட்டில் அது கனன்று, கண்ணுக்குத் தெரியாமல் புகைந்துகொண்டே இருந்து, வண்டியை நிறுத்திய பிறகு குவியலில் பற்றும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் ஒரு பொறி போதும். ரேடியேட்டர் முன்னால் கொசு வலைத் துணி கட்டி நடுநடுவே தட்டிவிடுங்கள். ஏர் ஃபில்டரைத் தினமும் பாருங்கள். வேலை முடிந்ததும் சைலன்சர் பகுதியைத் துடைத்து, வண்டியைத் தூள் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருக்க வேண்டும்.

மாற்றம் செய்யும்போது வண்டியில் மாட்டிய நிலையிலேயே வெல்டிங் அடிக்கலாமா?

கூடியவரை பிளேடைக் கழற்றிக் கீழே வைத்து அடியுங்கள். முடியாது என்றால் பேட்டரியின் நெகட்டிவ் (மைனஸ்) வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடியுங்கள். தூரத்தில் கடித்தால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும்.

தூக்கி நிற்கும் பிளேடின் அடியில் ஒருபோதும் கையோ தலையோ வைக்காதீர்கள். ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து மெல்ல இறங்கலாம். பக்கத்தில் நிற்கும் பையன் நெம்புகோலைத் தட்டினால் சட்டென்று விழும். கெட்டியான மரக்கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகே அடியில் போக வேண்டும். எங்கள் பட்டறையில் இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விலக்கு கிடையாது.

பழைய பிளேடு ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பெயிண்டைப் பார்க்காதீர்கள், புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். சுழலும் அச்சில் கடப்பாரையை நுழைத்து நெம்புங்கள். கடகடவென்று ஆடினால் புஷ் போய்விட்டது. ஊசி ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா என்று புது ஊசியைப் போட்டுப் பாருங்கள். பிளேடின் மேல் விளிம்பில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நூல் பிடித்தால் முறுக்கியிருப்பது தெரிந்துவிடும். முறுக்கிய பிளேடை நேராக்கும் கூலி புதுப் பிளேடின் விலையை நெருங்கும்.

அடி விளிம்பு தேய்ந்திருப்பது குறையல்ல, மேலே சொன்னபடி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விளிம்பைத் தாண்டிப் பிளேடுத் தகடே தேய்ந்திருந்தால் போல்ட் பிடிக்க இடமிருக்காது. அப்படிப்பட்டதை எடைக்கு விலை பேசினாலும் எடுக்காதீர்கள்.